கண்ணை மறைத்தவன்

“கண்ணை மறைச்சது எவன்டா?”

முதலாளி வெள்ளைத்துரை போட்ட சத்தத்தில் பட்டறையே அடங்கிப்போனது. கருத்தக்கண்ணன் வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

மனுசன் கண் இல்லை, மெஷின் கண். ஒத்தக்கடையைத் தாண்டி இருந்த அந்தப் பட்டறைக்கு ஜப்பானிலிருந்து வந்திறங்கிய புது பிரஸ். தகட்டை அதுவே இழுக்கும், அதுவே அடிக்கும், அதுவே தள்ளியும்விடும். ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் பட்டாணி அளவில் கண்ணாடிக் கண். நடுவில் யாராவது கையை விட்டால் கண்ணுக்கு வெளிச்சம் தெரியாது, மெஷின் சட்டென்று நின்றுவிடும்.

ஆறு ஆள் வேலையை அது ஒன்றே பார்க்கும் என்று பேச்சு. அந்த ஆறு பேரில் கருத்தக்கண்ணனும் ஒருவன்.

நேற்று ஆயுத பூஜை. இன்று ஓட்டிக் காட்டச் சொல்லி மெட்ராஸ் பார்ட்டி ஆபீஸில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மெஷினோ அசைவேனா என்று நிற்கிறது. இன்ஜினியர் ஜனகராஜ் மூன்று மணி நேரமாக ஒயரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். வேர்வை துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது பையிலிருந்து வாழையிலைத் துண்டு ஒன்று கீழே விழ, அதைக்கூட அவசரமாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு மறுபடி ஒயருக்குள் தலையை விட்டார்.

கடைசியில் பிட்டர் உக்கிரபாண்டிதான் கண்ணைத் துணியால் துடைத்தான். மெஷினுக்கு உயிர் வந்தது.

“சந்தனம் மொதலாளி. மேல வச்சது வழிஞ்சு கண்ணை மூடிருச்சு.” துணியை நீட்டினான். கோயில் கர்ப்பக்கிரக வாசனை கம்மென்று அடித்தது.

எல்லோரும் கருத்தக்கண்ணனைப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? வருசாவருசம் மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது அவன்தான். நேற்றும் பதினெட்டுப் பழைய பிரஸ்ஸுக்கும் வரிசையாக வைத்தான். மட்டமான கடைச் சந்தனம். வாசனை என்று பேருக்குக்கூட இல்லை, சாயம் மட்டும் நகக்கண்ணில் ஏறிக்கொண்டு சோப்புக்கும் போக மாட்டேன் என்கிறது.

புது மெஷின் பக்கம் அவன் போகவேயில்லை. இன்ஜினியர் உத்தரவு அப்படி. “இதுக்குக் கரண்டுதான் தெரியும், சாமி தெரியாது. எவனாச்சும் பொட்டுகிட்டு வச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்” என்று பூஜைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

போகவில்லைதானே? பதினெட்டாவது பிரஸ்ஸுக்கு அடுத்து நிற்பது அதுதான். பழக்கதோஷத்தில் கை போயிருந்தால்? தன் கையையே அவனால் நம்ப முடியவில்லை.

“கையைக் காட்றா.”

காட்டினான். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

“போன வாரம் டீக்கடையில என்ன பேசுன? இது எப்படி ஓடுதுன்னு பாக்குறேன்னு சொன்னியா இல்லையா?”

“வயித்தெரிச்சல்ல சொல்லிப்புட்டேன் மொதலாளி. மூணு பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன். அழகர் சாமி சத்தியமா நான் தொடலை.”

“போலீஸு வந்து கேக்குற விதத்துல கேட்டா எல்லாம் வரும்.” முதலாளி மேசைக்குப் போய்ப் போனை எடுத்தார்.

ஸ்டேஷனுக்குப் போய்வந்தவனுக்கு இந்த மேலூர் ரோட்டில் எவன் வேலை கொடுப்பான்? திருவாதவூருக்குச் செய்தி போனால், பெரியவளுக்குப் பேசி முடித்த இடம் கைவிட்டுப் போகுமே.

“சார், நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார்” என்று இன்ஜினியரைக் கெஞ்சினான்.

ஜனகராஜ் அவனைவிட மோசமாக வெளிறிப்போய் நின்றார். அவருக்கும் நிலைமை சரியில்லை. இன்றைக்கு மெஷின் ஓடாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று முதலாளி முந்தாநாளே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

முதலாளி நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு.

வைத்தேன் என்று ஒத்துக்கொண்டு காலில் விழுந்துவிடலாம், மனசு இரங்கினாலும் இரங்குவார். கருத்தக்கண்ணன் குனியப் போனான். அதற்குள் அவனை இடித்துக்கொண்டு வந்த இன்ஜினியர், போனை அமுக்கிப் பிடித்தார்.

“அவனை விட்ருங்க மொதலாளி. ஓடணுமேன்னு பயந்து, நாந்தான் வச்சேன்.”