பதினோராம் பாடத்துக்கு இரண்டு பின்

புத்தகங்களைப் பார்க்கச் செயலாளரே நேரில் வந்துவிட்டார் என்றதும் உயிரியல் டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

தலைமையாசிரியை அறையில், மேஜைமேல் முப்பத்தெட்டுப் புத்தகங்கள். அந்தப் பக்கம் அவர். கிறிஸ்தவ சபை நடத்தும் பள்ளி அது. சபைக்கு அவர் செயலாளர். பிழைப்புக்குப் புத்தகம் பைண்டிங் செய்யும் கடை. பிள்ளைகள் வைத்த பெயர் பின்னடிச்சான்.

காரணப் பெயர்தான். ஒவ்வொரு வருஷமும் புதுப் புத்தகங்கள் வந்ததும், பிள்ளைகள் கைக்குப் போகுமுன் ஸ்டேப்ளரோடு வந்து உட்கார்ந்துவிடுவார். உயிரியலில் பதினோராம் பாடம், பரிணாமம். பதினாலு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் இரண்டு பின். இதற்கு முன் இருந்த டீச்சர்கள் பத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தாண்டிவிடுவார்கள். யாருக்கும் தலைவலி இல்லை.

இவள் தாண்டவில்லை. மூன்று வாரத்துக்கு முன் வகுப்பில் பிரிக்கச் சொன்னாள். நகத்தால் இழுத்ததுமே பின்கள் வந்துவிட்டன. பாடம் முடிந்ததும் முன் பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்து, இதை நம்பினால் ஆண்டவர் நம் ஜெபத்தைக் கேட்பாரா மிஸ் என்று கேட்டாள்.

"நான் ரெண்டையும்தான் வச்சிருக்கேன். இதுவரைக்கும் ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கலை" என்று டீச்சர் சிரித்தாள்.

அந்த வாரமே ஜெபக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, டீச்சர் ஜெபம் வேண்டாம் என்கிறாளாம் என்று சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து தூக்கம் போயிற்று. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு ஒரு மாதமாகச் செயலாளர் கையெழுத்துக்காகக் கிடந்தது. போனால் வேலை மட்டும் போகாது. அதே சபையில்தான் ஞாயிறுதோறும் அவள் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுத்தாள். மாமியார், நாத்தனார், ஓரகத்தி எல்லோரும் அங்கேதான். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

வாசலிலேயே தலைமையாசிரியை காதைக் கடித்திருந்தாள். "பிள்ளைங்க விளையாட்டா பிரிச்சிடுச்சுன்னு சொல்லிடும்மா. நான் தலையாட்டிக்கிறேன்."

செயலாளர் ஒவ்வொரு புத்தகமாகத் திறந்தார். நகக்கண்ணில் காய்ந்த பசை. பத்துப் புத்தகம், பதினைந்து. எல்லாவற்றிலும் ஓரத்தில் ஓட்டைதான் இருந்தது, பின் இல்லை.

"பிள்ளைங்க கை சும்மா இருக்காது" என்றார் நிமிராமலே. "விளையாட்டா பிரிச்சிருக்கும். அப்படித்தானே டீச்சர்?"

தலைமையாசிரியையின் தலை ஆடத் தொடங்கியது.

"இல்லை சார். நான்தான் பிரிக்கச் சொன்னேன்."

ஆடிய தலை பாதியில் நின்றது.

"பைபிள் படிக்கிறதுண்டா?"

"தினமும்."

"உலகத்தை எத்தனை நாள்ல படைச்சார்?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஆறு நாள். ஆனா சூரியன் நாலாவது நாள்தானே சார் வருது. அதுக்கு முந்தின மூணு நாளை எதை வச்சு எண்ணினாங்கன்னு எனக்குத் தெரியலை. அவருக்குத் தெரியும். நான் அதுக்காக அவரோட சண்டைக்குப் போறதில்லை."

அவர் நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்தார்.

டக். டக்.

ஒவ்வொரு டக்குக்கும் அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. திங்கட்கிழமை கமிட்டி வருகிறது, எட்டுப் பேரும் புத்தகத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்ததை இழுத்தார். சரி, முதலில் பாடத்தை மூடுகிறார், அடுத்தது நம்மைத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். புருஷனிடம் எப்படிச் சொல்வது என்றுகூட மனம் வாக்கியம் கட்டத் தொடங்கிவிட்டது.

இருபதாவது புத்தகம் வரும்போதுதான் கவனித்தாள். பின் ஒவ்வொன்றும் பழைய ஓட்டையிலேயே பிசகாமல் இறங்கியது. அதுவும் அரை அழுத்தம்தான்.

"சார், பின்னோட கால் மடங்கவே இல்லையே."

"மேலாப்பில பார்த்தா தெரியாது."

முப்பத்தெட்டையும் முடித்து அடுக்கி ஓரம் தட்டினார். பிறகு தலைமையாசிரியையிடம் கைநீட்டி அந்த உத்தரவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியைக்கு இருமல் வந்தது.

டீச்சருக்குக் காகிதத்தை வாங்கவும் கை வரவில்லை. "இவ்வளவுக்கும் எதுக்கு சார் வருஷா வருஷம் இந்தப் பின்?"

"பின்னடிக்கணும்னா கமிட்டியில தீர்மானம் போட்டாங்க? பாடத்தையே வெட்டி எடுத்துடணும்னு போட்டாங்க. வெட்டுற மெஷின் என் கடையிலதானே இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை." ஸ்டேப்ளரைப் பைக்குள் போட்டார். "ஒரு பாடத்தை வெட்டினா தையல் விட்டு மத்த பாடமும் உதிர்ந்துபோகும், பின் போதும்னு சொல்லி நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

டீச்சர் மேலே இருந்த புத்தகத்தை எடுத்து அதன் முதுகைத் தடவினாள். "நிஜமாவே உதிர்ந்துடுமா சார்?"

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷமா பைண்டிங் பண்றேன் டீச்சர். ஒரு பக்கம்கூட உதிராது."