இரண்டு பலகைகள்

வருகிறது, வருகிறது என்று எல்லோரும் காத்திருந்த அந்தப் புதிய கிராபிக்ஸ் கார்டு சுத்த ஏமாற்று என்று பாக்கியநாதன் ஆறு மாதமாகத் தன் யூடியூப் சேனலில் சொல்லிவந்தார். இரண்டு சர்க்யூட் பலகைகளை ஒரே உறைக்குள் பூட்டிவிட்டால் வேகம் இரட்டிப்பாகிவிடுமா என்று சிரிப்பார். கடைசியில், சோதித்துப் பார்க்க ஒன்று அவர் வீட்டுக்கே வந்தது.

கணினியில் மாட்டி வேகச் சோதனையை ஓட்டினார். பழைய கார்டைவிட இரண்டு மடங்கு வேகம். நம்பாமல் மறுபடி ஓட்டினார், பழைய வேகம்தான். அப்பாடா என்றிருந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று மூன்றாம் முறை ஓட்டினால், மறுபடி இரண்டு மடங்கு. இடையில் ஒரு வயரைக்கூட அவர் தொடவில்லை.

மறுநாள், அனிமேஷன் கம்பெனி வைத்திருந்த மைத்துனன் ஜெயசீலன் போனில் வந்தான்.

"அத்தான், எட்டுப் பேரு வேலை இதை நம்பித்தான் இருக்கு. வாங்கவா, வேண்டாமா?"

"இரு, இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்லுதேன்."

"ஏன், மோசமா?"

"மோசம்னா நேத்தே சொல்லியிருப்பேனே!"

சொன்ன பிறகுதான் தன் குரலே அவருக்குப் புதிதாகப் பட்டது. எந்த விடை வந்தால் நிம்மதி என்று அவருக்கே புரியவில்லை. போனை வைத்துவிட்டு ஓட்டிய நான்காம் சோதனை முடியும் தறுவாயில் இருந்தது. பாக்கியநாதன் கையை நீட்டி, திரையில் எண் விழும் இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.