ஏழு கெல்வின்

லட்டைப் பேராசிரியரே அவள் வாயில் திணித்தார்.

அவருடைய விரல் நுனி உதட்டில் பட்டது. ஆய்வகமே கைதட்டியது.

அவள் கழிவறைக்கு ஓடித் துப்பினாள். எத்தனை முறை கொப்பளித்தும் நெய் வாடை போகவில்லை.

இரும்பை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து நசுக்கினால், அதன் அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்ளும். காந்தம் ஒழியும். பிறகு கடுங்குளிரில், இரண்டு கெல்வினுக்கும் கீழே போனால், மின்தடை மறையும். உலகத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இவர்களுக்கு ஏழு கெல்வினிலேயே மின்தடைக் கோடு சரிந்துவிட்டது. அதற்குத்தான் லட்டு.

முந்தின நாள் அவள் அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்திருந்தாள். ஏழு.

குறைத்தாள். ஏழு.

முழுதாக விடுவித்தாள். இரும்பு பழையபடி காந்தமாகிவிட்டது. அப்போதும் ஏழு.

ஏழில் தடை இழப்பது ஈயம். கம்பிகளைப் பற்றவைத்திருந்த ஈயம்.

அன்றே, ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் நடராஜுலுவிடம் வரைபடத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா. இந்த கிராஃப் மட்டும் வேண்டாம், எடுத்துடு. நிபுணர் குழு வரப்போகுது. பேப்பர்ல உன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

தெரியுமாம்.

அவள் பெயரே அவளுக்குக் குமட்டியது.

கழிவறையிலிருந்து வந்தவள், எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு ஈயத்தை ஒட்டச் சுரண்டி எடுத்தாள். கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டினாள். புதிய இரும்புத் துணுக்கை வைத்து, வைர முனைகளை இறுக்கினாள்.

குழு வந்தது. மூன்று பேர். நடுவில் நரைத்த கொண்டை போட்ட ஓர் அம்மாள்.

திரையில் எண்கள் இறங்கின. பத்து. ஒன்பது. எட்டு.

"இப்ப பாருங்க," என்றார் நடராஜுலு.

ஏழு.

கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

ஆறு.

யாரோ இருமினார்கள்.

அந்த அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஏன் விழல?"

நடராஜுலு அவளைப் பார்த்தார். ஒரே கணம். புரிந்துகொண்டார். உடனே சிரித்தார்.

"எனக்கும் அதிர்ச்சிதான் மேடம். அளவெல்லாம் எடுத்தது இந்தப் பொண்ணு. தாட்சாயணி. சின்னப் பொண்ணு, அவசரப்பட்டிருக்கும்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்தாள்.

அந்த அம்மாளுக்கு எதிரே போட்டு, உட்கார்ந்தாள்.