பதினெட்டு விநாடி

காலை பத்து மணியிலிருந்து அப்பாவின் பாடை நெடுஞ்சாலையோரம் காத்துக் கிடந்தது. சுடுகாடு எதிர்ப்பக்கம். எந்த வண்டியும் வேகம் குறைக்க வேண்டியிராத நேரத்தில்தான் கடவுக் கதவு திறக்கும். சாலையில் வண்டிகளின் ஓட்டத்துக்கு மதிப்பெண் போடும் கம்பம்தான் அதை முடிவு செய்யும்.

நாலு மணிக்குக் கம்பம் பேசியது. "பதினெட்டு விநாடி. கடக்கலாம்."

"ஓடு மாப்ள," என்றார் தாய்மாமன் சின்னாண்டி.

தவமணி கொள்ளிச்சட்டியோடு முன்னால் ஓடினான். சட்டி எடுத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. வீட்டில் மூட்டிய நெருப்பு வழியில் அணையவும் கூடாது. பின்னால் பாடை தூக்கியவர்களின் காலடி கேட்டது. பிறகு கதவு மூடும் சத்தம். லாரிகள் பறந்தன.

"மாமா, வந்துட்டீங்களா?"

"இல்லப்பா." சாலைக்கு அந்தப் பக்கமிருந்து மாமா கத்தினார். "சுமையோட நேரத்துக்குள்ள தாண்ட மாட்டோம்னு கம்பம் கதவ மூடிருச்சு. நீ திரும்பிராத."

"அடுத்த வாய்ப்பு நாளை காலை ஒன்பது இருபது," என்றது கம்பம். "இன்றைய ஓட்டம் நூற்றுக்கு நூறு. ஒத்துழைப்புக்கு நன்றி."

கொண்டுவந்த வறட்டியெல்லாம் காத்திருந்தபோதே தீர்ந்துவிட்டிருந்தது. தவமணி தோள்துண்டைக் கிழித்துச் சட்டியில் போட்டான். நாளை ஒன்பது இருபது வரை எரிக்க, இடுப்பு வேட்டிதான் மிச்சமிருந்தது.