சீனிச்சம்பல் றப்

ருசியாகத்தான் இருந்தது. கிரிஜாவுக்கு வயிறு எரிந்ததும் அதனால்தான்.

தகப்பனோடு காம்பிங் போய் வந்த மகள் மிதுஷா குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பைக்குள் ஃபொயிலில் சுற்றியபடி கிடந்தது அந்தத் துண்டு. மெல்லிய ரொட்டிக்குள் சீனிச்சம்பலும் சீஸும் பரவி, இறுக்கிச் சுருட்டியிருந்தது.

"அங்கை எல்லாமே நல்ல டேஸ்ற் அம்மா. இதை நெருப்பிலை சூடாக்கித் தந்தவை" என்றாள் மிதுஷா, தலையைத் துவட்டியபடி.

றமணனும் கிரிஜாவும் பிரிந்து மூன்று வருடமாகிறது. சோபாவில் இருந்தபடியே தண்ணீர் கேட்கிற மனிதன் அவன். அவளோடு வாழ்ந்த காலத்தில் ஒரு தேத்தண்ணிகூடப் போட்டதில்லை. இப்போது அவனுக்கு றூபினி இருக்கிறாள்.

புருஷன் போனது போகட்டும். பிள்ளையின் நாக்குமா போகவேண்டும்?

அடுத்த காம்பிங்குக்கு முதல் நாள் கிரிஜா வேலைக்கு லீவு போட்டாள். பற்றீஸ் பொரித்தாள், கச்சான் கலந்து மிக்சர் செய்தாள், எள்ளுருண்டை பிடித்தாள். கடைசியில் வெட்கத்தை விட்டு அதே றப்பையும் செய்து பார்த்தாள். சம்பல் வெங்காயம் கருகிக் கசந்தது. அதைக் குப்பையில் கொட்டிவிட்டு மற்றவற்றைப் பெட்டியில் அடுக்கினாள்.

சனிக்கிழமை காலை ஹவுன்ஸ்லோ வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. வழக்கம்போல றமணன் இறங்கவில்லை. றூபினிதான் கதவடிக்கு வந்தாள்.

கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கிரிஜா கேட்டேவிட்டாள். "அந்தச் சீனிச்சம்பலுக்கு என்னென்ன போடுறது?"

றூபினி காரைத் திரும்பிப் பார்த்தாள். "வெங்காயம்தான் அக்கா... மிச்சத்தைப் பிறகு மெசேஜ் போட்டுவிடுறன்."

சொல்ல மனமில்லை. அவ்வளவு கெட்டித்தனம் என்று கிரிஜா கறுவிக்கொண்டாள். மெசேஜும் வரவில்லை.

அந்த இரண்டு நாளும் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கூடாரத்துக்கு முன்னால் நெருப்பு எரிவதும், றூபினி ஒவ்வொன்றாகச் சூடாக்கி நீட்டுவதும், மிதுஷா விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிடுவதும் கண்ணுக்குள்ளேயே நின்றன. போதாததற்கு லண்டனில் மழைகூடப் பெய்யவில்லை.

ஞாயிறு பின்னேரம் மிதுஷா வந்து இறங்கினாள். பெட்டியை வாங்கும்போதே கை அதன் கனத்தை உணர்ந்தது. திறந்து பார்த்தாள். பற்றீஸில் இரண்டுதான் குறைந்திருந்தது.

"ஏன் சாப்பிடேல்லை?"

"அங்கை நிறையக் கிடந்தது அம்மா. இந்தமுறை பொப்கோர்னும் செய்து தந்தவை. சோஸ்பானுக்குள்ளை படபடவெண்டு வெடிச்சது."

கிரிஜா பெட்டியை மூடி மேசையில் தள்ளினாள். "ஓம், உன்ரை றூபினி அன்ரிக்குக் கைராசி அப்பிடி. அவவோடையே போய் இரன்."

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மிதுஷா விளங்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்ரிக்குச் சமைக்கவே தெரியாது அம்மா. எல்லாம் அப்பாதான் செய்யிறவர்."