எழுப்பும் பட்டன்

செத்துப்போன மனிதர், பதிவு அலுவலக வரிசையில் நாலாவதாக நின்றுகொண்டிருந்தார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. சட்டைப்பையில் ஓர் அட்டை, எழுத்துப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை.

முறை வந்ததும் கண்ணாடித் துவாரத்தில் குனிந்தார். "அம்மா, நான் உயிரோடதான் இருக்கேன். உங்க பதிவேடுதான் செத்துட்டேன்னு சொல்லுது."

கவுண்டர் பெண் அவர் சொன்ன அடையாள எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "ஆமா சார், முந்தாநாள் காலமாயிட்டீங்க," என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். ஒன்றுவிட்ட அண்ணன் இறந்ததை இவர்தான் போனில் பதிவு செய்தார். தகவல் தருபவர் எண்ணைக் கேட்ட இடத்தில் தன் எண்ணைக் கொடுத்தார். பதிவேட்டை எழுதுவது ஓர் ஏஐ. அலுவலகத்தில் அதற்குச் செல்லப்பேர் சுட்டி. அந்தச் சுட்டி அண்ணனை விட்டுவிட்டுத் தம்பியை அனுப்பிவைத்துவிட்டது!

போன் அடித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மனைவி.

"என்னங்க, ரெண்டு மணிக்கு ஆபரேஷன். உங்க காப்பீடு செல்லாதாம், என்னை விதவைன்னு போட்டிருக்காங்க. இன்னிக்கு விட்டா இன்னும் ரெண்டு மாசம் ஆகுமாம். எனக்குப் பயமா இருக்குங்க."

"இதோ வந்துடறேன்," என்றார். போனை வைத்துவிட்டுக் கவுண்டர் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சுட்டிகிட்டயே திருத்தச் சொல்லும்மா. அது செஞ்ச தப்புதானே?"

"அது ஒத்துக்குது சார். பாருங்க, மன்னிப்புகூட கேட்டிருக்கு. ஆனா அதால முடியாது. பேரைத் திருத்தும், விலாசம் மாத்தும், இறப்பைப் பதியும். இறப்பை நீக்கற வசதியை மட்டும் அதுகிட்டேருந்து எடுத்துட்டாங்க. விதியே இருக்கு. 'செத்தவரை எழுப்பும் பட்டன்...'"

"'...எந்த இயந்திரத்தின் கையிலும் இருக்கலாகாது,'" என்று அவர் முடித்தார்.

"அட, உங்களுக்கே தெரியுதே!"

"சந்துபொந்து ஏதாச்சும் இருக்காம்மா? உங்க மேனேஜர் யாராவது..."

"எங்க யாருக்கும் அந்தப் பட்டன் கிடையாது சார். எந்தப் புண்ணியவான் எழுதினாரோ, ஊசி நுழைய இடமில்லாம எழுதி வெச்சிருக்காரு!"

அவர் முகம் சுண்டிப்போனது. அவளுக்கே பாவமாகிவிட்டது. விதியை இன்னும் கீழே தள்ளிப் படித்தவள் நாற்காலியில் துள்ளி உட்கார்ந்தாள்.

"சார், வழி இருக்கு! மனுஷர் ஒருத்தர் செய்யலாம். தலைமை அலுவலகத்துல பதிவேட்டு இயக்குநர். அவர் உள்ளே நுழைஞ்சு கைரேகை வெச்சா ஒரே நிமிஷம்!"

"அவரால வர முடியலேன்னா? அடுத்த ஆள்?"

"அடுத்த ஆளே வேணாம்னு, இந்த விதியை எழுதின அவரே போட்டிருக்காரு. பக்கத்துத் தெருதான் சார், ஓடுங்க! கால்ல விழுந்தாவது வாங்கிடுங்க!"

அவர் நகரவில்லை. சட்டைப்பையிலிருந்த அட்டையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். காலையில் தலைமை அலுவலகக் கதவு இந்த அட்டைக்கும் திறக்கவில்லை, இவர் கட்டைவிரலுக்கும் திறக்கவில்லை.

அவள் அட்டையில் இருந்த பதவியைப் படித்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் படித்தாள்.

"அவர்தாம்மா முந்தாநாள் செத்துட்டாரு," என்றார் அவர்.