முக்காட்டுக்குள்ளே யாரு?

"அதோ வருது பாருங்க ஒரு தொந்தி, அது சென்சு. மேலே எத்தனை கஜம் துணியைப் போட்டாலும் அந்தத் தொந்தி அடங்குமா?"

பவ்லினா பால்கனிக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னாள்.

அன்று பெரிய வெள்ளி. பிர்கு ஊரின் கோட்டைக்குள் இருக்கும் அந்த ஒடுக்கமான தெருவில் ஊர்வலம் நுழைந்துவிட்டது. பாவத்துக்கு வருந்துகிறவர்கள் வரிசையாக வந்தார்கள். உச்சி முதல் கணுக்கால் வரை வெள்ளை அங்கி, முகத்தை மூடிய முக்காடு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வெறுங்காலில் கட்டிய இரும்புச் சங்கிலி கல் தரையில் கரகரவென்று இழுபட்டது. உள்ளே இருப்பது யார் என்று ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியவேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டவருக்கும் பவ்லினாவுக்கும்.

"சென்சு என்ன பாவம் பண்ணினான்?" என்று கேட்டாள் ஜெமா. பல வருஷம் கழித்து மெல்போர்னிலிருந்து தங்கை மரிஸாவைப் பார்க்க வந்திருந்தாள். பவ்லினா மரிஸாவின் பக்கத்து வீட்டுக்காரி.

"ரொட்டிக்கடைக்காரன் வேறென்ன பண்ணுவான், எடையில கை வைக்கிறான். வருஷா வருஷம் சங்கிலி இழுக்கிறான், திங்கக்கிழமை பார்த்தா ரொட்டி இன்னும் சின்னதா இருக்கு! இந்தாங்க, பாதாம் பிஸ்கட் எடுத்துக்குங்க. முட்டையும் இல்லை, வெண்ணெயும் இல்லை. நோன்புக்கு ஒண்ணும் ஆகாது."

ஜெமா சிரித்துவிட்டாள். மரிஸா சிரிக்கவில்லை.

"ஊர்ப் பாவமெல்லாம் எதுக்குடி எனக்கு? நார்டு வராரா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."

நார்டு அவள் புருஷன். துறைமுகத்தில் படகு ஓட்டுகிறவன். வேறொருத்தியோடு தொடர்பு இருந்தது என்று நோன்பு காலத்தில் அவனே அழுதுகொண்டு ஒப்புக்கொண்டான். எல்லாம் முடிந்துவிட்டது, பெரிய வெள்ளியன்று சங்கிலி இழுத்து ஆண்டவரிடம் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் பண்ணினான். வந்தால் மன்னிப்பது, வராவிட்டால் அக்காவோடு மெல்போர்னுக்குக் கிளம்பிவிடுவது என்று மரிஸா முடிவு பண்ணியிருந்தாள். பெட்டிகூடத் தயார்.

"யாருன்னு பேரைச் சொன்னாரா இல்லையா?" என்றாள் ஜெமா.

"வாயைத் திறக்கலையே அக்கா! கெஞ்சிப் பார்த்தேன், தட்டை எறிஞ்சு பார்த்தேன். கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார்."

"எதிர்க்கரை வலெட்டாக்காரியா இருப்பா," என்றாள் பவ்லினா. "தினமும் படகுல ஏறி இறங்குறாளுங்களே. அந்தக் கரைப் பொம்பளைங்களுக்கு எப்பவுமே நம்ம ஆளுங்க மேல ஒரு கண்ணு. போனா போறா, கழிசடை! நீ எதுக்குடி அவளுக்காகக் குடும்பத்தைக் கலைக்கணும்?"

"நீ சும்மா இரு. இவ அங்கே வந்தா ராணி மாதிரி இருப்பா," என்று ஜெமா சிடுசிடுத்தாள்.

சங்கிலிகள் கடந்துகொண்டே இருந்தன.

"இவரா?" என்றாள் மரிஸா.

"சே, இது ஜோமா. காலை அகட்டி அகட்டி வைக்கிறான் பாரு, இன்னும் கப்பல்ல இருக்கிற நினைப்பு."

"அப்போ இவரு?"

"இது வென்சு. அந்த இருமலைக் கேளேன். முக்காட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிப்பான் போல."

வரிசை மெலிந்தது. மரிஸாவுக்கு உதடு துடித்தது. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"வரலைடி. எனக்குத் தெரியும், வரமாட்டார். பதினோரு வருஷம் இந்த ஆளுக்குச் சமைச்சுக் கொட்டினேனே!"

"நல்லதாப் போச்சு. எழுந்திரு, பெட்டியை எடு," என்றாள் ஜெமா.

"கொஞ்சம் பொறுங்களேன்!" பவ்லினா இன்னும் எட்டிப் பார்த்தாள். கடைசியாக இரண்டே பேர் வந்துகொண்டிருந்தார்கள். சட்டென்று அவள் மரிஸாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வந்துட்டாருடி! முன்னால வரது நார்டுதான்!"

"எதை வெச்சுச் சொல்றே?" என்றாள் ஜெமா. "ரெண்டும் ஒரே உயரம், ஒரே உடம்பு. தொந்தியும் இல்லை, இருமலும் இல்லை. இவளைச் சமாதானப்படுத்த வாய்க்கு வந்ததை அடிச்சு விடாதே."

"நான் ஏங்க அடிச்சு விடறேன்? இடது காலைப் பாருங்க! சுண்டு விரலும் பக்கத்து விரலும் ஒட்டிக்கிட்டு இருக்கா இல்லையா? பிர்கு முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கால் கிடைக்காது. அவரேதான், சத்தியமா!"

மரிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஒட்டிய விரல்கள்தான். சங்கிலி பால்கனிக்கு நேர் கீழே இழுபட்டு மெதுவாகக் கடந்து போனது.

"அவரேதான்," என்றாள். அழுகை நின்றிருந்தது.

"நான்தான் சொன்னேனே!" பவ்லினா ஜெமாவைப் பார்த்து முகவாயை உயர்த்தினாள்.

மரிஸா மெல்ல அவள் பக்கம் திரும்பினாள்.

"அந்த விரலுக்கு வெட்கப்பட்டுக்கிட்டு அவர் கடல்ல குளிக்கும்போதுகூட ஷூவோடதான் இறங்குவார். முகம் தெரியாதுங்கிற தைரியத்துல இன்னைக்குத்தான் முதல்முதலா வெறுங்காலோட தெருவுக்கு வந்திருக்கார். கட்டிலைத் தவிர வேற எங்கேயும் அந்த மனுஷன் சாக்ஸைக் கழட்டினதே இல்லையேடி, பவ்லினா!"